பெயர் கேட்க வேண்டும்

“உம் பேரு என்னம்மா?”

அவன் தார்ச்சாலையில் மண்டியிட்டிருந்தான். கீழே கிடந்த பெண்ணின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தான்.

“மதுவந்தி.”

“நல்ல பேரு. கண்ண மூடாத மதுவந்தி. இங்க பாரு, என்னையப் பாரு.”

நல்ல பேராம்.

காருக்குள் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கு வயிறு எரிந்தது. அடிபட்டுக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து எரிகிற வயிறும் ஒரு வயிறா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் எரிந்தது.

சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறிக் காய் உடையட்டும் என்று. எதிரே வந்த ஸ்கூட்டி அதில் வழுக்கி, தேய்த்துக்கொண்டே வந்து காருக்கு முன்னால் விழுந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். கார் ஸ்கூட்டியை முட்டிவிட்டுத்தான் நின்றது.

மிதித்த வேகத்தில் அவள் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. காதுகுத்துக்குக் கட்டிய பட்டுச்சேலை கசங்கும் என்று அவள் பெல்ட் போட்டிருக்கவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கைச் சிமிட்டவிட்டான். இறங்கி ஓடினான்.

அவன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். வருடா வருடம் பள்ளி திறக்கும் முன்பு ஓட்டுநர்களை உட்காரவைத்து வகுப்பு எடுப்பார்கள். அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடி அவளிடம் அத்தனையையும் ஒப்பிப்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கே மனப்பாடம். வண்டியை நிறுத்து, விளக்கைச் சிமிட்டவிடு, ஆளைப் பிடித்து உலுக்காதே. பெயரைக் கேள். பதில் வந்தால் நினைவு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரு.

கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

“மதுவந்தி, ஆம்புலன்சு வந்துக்கிட்டே இருக்கு. மதுவந்தி, காலேஜா படிக்கிற?”

கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தவர் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தான். யாரோ ஸ்கூட்டியைத் தூக்கி ஓரம் வைக்கப் போனார்கள். போலீஸ் பார்க்கட்டும் என்றான். எல்லாம் முறைப்படி. குரலில் மட்டும் பாடத்தில் இல்லாத ஒரு குழைவு.

அந்தக் குரல் அவனிடம் இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும்.

அவளுக்கும் நல்ல பெயர்தான். ஆனால் மாமியாருக்கும் அதே பெயர். பெண் பார்க்க வந்த அன்றே அது தெரிந்து ஒரு சலசலப்பு. பெற்ற தாயின் பெயரை மகன் எப்படி வாய்விட்டுக் கூப்பிடுவான்? வேறு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து ‘இந்தா’.

இந்தா, சாவி எங்க. இந்தா, கரண்டு போயிருச்சு. பிரசவ வலியில் கத்தியபோதும் கதவுக்கு வெளியே நின்று, “இந்தா, ஒண்ணுமில்ல, பயப்படாத.”

மாமியார் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாள் அவள் மனசுக்குள் ஒரு சின்ன ஆசை வைத்திருந்தாள், வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அன்றும் ‘இந்தா, காப்பி’ தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றும்போது அந்தப் பெண், “அண்ணே, அம்மாகிட்ட சொல்லிருங்க” என்றாள். அவன் தலையாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அண்ணே என்றது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதை நினைத்து மறுபடி தன்னைத் திட்டிக்கொண்டாள்.

ஏட்டு வந்து விசாரித்தார். காரைக் குனிந்து பார்த்து, “கூட யாரு?” என்றார்.

“வீட்ல சார்.”

“பேரு?”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“இந்தா, சார்ட்ட பேரச் சொல்லு.”

சொன்னாள்.

வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு ஏட்டு போகச் சொன்னதும் கார் கிளம்பியது. அந்தப் பெண்ணுக்கு எலும்பு ஒன்றும் முறிந்திருக்காது, கெட்டிக்காரப் பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது என்று பேசிக்கொண்டே ஓட்டினான். அவள் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். நெற்றி புடைத்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை மடியில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்தா, தூக்கமா?”

அவள் தலையை இன்னும் சாய்த்துக்கொண்டாள்.

“இந்தா.”

அவன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“அய்யோ, நெத்தியில என்ன?”

கார் ஓரம் கட்டி நின்றது. டிக், டிக் என்று விளக்கு சிமிட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. ஓடி வருகிற காலடி. அவள் பக்கக் கதவு திறந்தது. டீசலும் வியர்வையும் கலந்த வாசம் நெருங்கியது. உலுக்கவில்லை. இரண்டு கைகள் அவள் கன்னங்களை ஏந்தின.

அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

“உம் பேரு என்ன?” அவன் குரல் உடைந்தது. “சொல்லு. உம் பேரு என்ன, சொல்லு.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியலைங்க” என்றாள்.