தானியத்துக்கு உழைப்பு என்று பெயர்

வேல்ஸ் மொழியின் வட்டாரச் சொற்களைப் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த எலெரி, மூன்றாவது கோப்பைத் தேநீரையும் குடித்துவிட்டாள். பண்ணைக்காரர் கெத்தின், அடுப்பை நோக்கிக் காலை நீட்டியபடி பேசிக்கொண்டே இருந்தார்.

"தானியத்தைத் தெற்கத்திக்காரங்க நாங்க 'ஹ்லாவிர்'னு சொல்லுவோம்மா. உழைப்புன்னு அர்த்தம். ரோமாபுரிக்காரன் விட்டுட்டுப் போன லத்தீன் வார்த்தை. வேர்வை சிந்தாம ஒரு மணி தானியம் வீடு வந்து சேராதுன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும்."

"வடக்கே என்ன சொல்றாங்க?"

"வெறும் 'ஈட்'. அவங்களுக்கு வாயைத் தெறக்கக்கூட வலிக்குது. உழைப்பைப் பத்தி என்ன தெரியும் அவங்களுக்கு?"

வெளியே அறுவடை இயந்திரம் ஜன்னலை அதிரவைத்துக்கொண்டு போனது.

"ஐயா, பதிவுல இரைச்சல் விழுது. டிரைவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாமா?"

"வேணாம்மா. மழை வர்றதுக்குள்ள பார்லி மொத்தத்தையும் அறுத்தாகணும். இப்பப் போய் நிறுத்தச் சொன்னா என்னைக் கொன்னுடுவா."

"யாரு?"

"என் பொண்டாட்டி. அவதான் மெஷினை ஓட்டுறா."

பதிவுக் கருவியை அணைக்கப்போன எலெரி அணைக்கவில்லை. "அவங்களுக்கு எந்த ஊரு?"

நீட்டியிருந்த காலைக் கெத்தின் மடக்கிக்கொண்டார்.

"வடக்கு. வடக்கைப் பத்திச் சொன்னதை மட்டும் அழிச்சிடும்மா."