எலி கடித்த மாதிரி

மாதிரிக்கென்று அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டியிருந்த கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியை எப்போதோ எலி கடித்திருந்தது. பனிமலைக் காவலுக்கென வந்திறங்கிய நாற்பதாயிரம் கையுறைகளிலும் அதே இடத்தில் அதே ஓட்டை.

"மாதிரியில இருக்கிறது இம்மி பிசகக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கீங்களே மேடம். ஓட்டையைச் சுத்தி ஓரம் தைக்கத்தான் திண்டாடிட்டோம்" என்றார் ஒப்பந்தக்காரர் தேவசகாயம்.

ராணுவக் கொள்முதல் அதிகாரி மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளிரில் விரல் கறுத்து உதிர்ந்துவிடும். திருப்பி அனுப்பினாலோ, இந்தக் குளிர்காலம் முழுக்க வீரர்களுக்கு வெறுங்கைதான்.

ஒன்றை மாட்டிப் பார்த்தாள். மற்ற விரல்கள் கதகதப்பில் ஒடுங்கிக்கொள்ள, ஆள்காட்டி விரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு, அவள் சொல்லாமலே, துப்பாக்கி விசையைத் தேடுவதுபோல் மெல்ல மடங்கியது.