கால் மணி நேரச் சோதனை

"ஸ்வெட்டரைக் கழட்டுங்கம்மா. கையை முழங்கைக்கு மேல மடிச்சு விடுங்க."

கம்பெனி கேட் வாட்ச்மேன் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார்.

லேபிள் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்து மாத்திரை டப்பாக்களில் லேபிள் ஒட்டுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஜன்னலே இல்லாத பேக்கிங் ஹாலில் நாற்பது பெண்கள். முற்றத்தைத் தாண்டினால் கேன்டீன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தினமும் இந்தக் கூத்து.

ஒவ்வொரு பையாகக் கவிழ்ப்பார். டிபன் டப்பாவைத் திறப்பார். தண்ணீர் பாட்டிலை ஆட்டிப் பார்ப்பார். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசவேண்டிய கால் மணி நேரம் வெட்டவெளியில் போய்விடும். பனிக்காலம் தொடங்கிய நாளிலிருந்து இதே கதைதான்.

"மாத்திரை திருடுறவ வெளியே கொண்டு போவாளா, உள்ளே கொண்டு வருவாளா?" பின்னால் நின்றவள் கிசுகிசுத்தாள். "சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப ஒரு பையைக்கூடத் தொட மாட்டேங்கிறாரே!"

"பையைத் துருவுற அந்தப் பூதக்கண்ணாடிக்கு மூளை அவ்வளவுதான்," என்றாள் அக்கா. "கொஞ்சம் பொறு. நாலு நாளா அலைஞ்சு நாற்பது கையெழுத்தும் வாங்கியாச்சு. நாளைக்கு மனு மேனேஜர் மேசைக்குப் போயிடும். ஆளை மாத்தலைன்னா மெஷினைத் தொட மாட்டோம்னு எழுதியிருக்கேன்."

"பாவம் அக்கா, வயசான மனுஷன். வேலை போயிடுமே?"

"போகட்டும். நம்மளைத் திருடிங்க மாதிரி நிறுத்தி வைக்கிறாரே, அது பாவமில்லையா?"

மறுநாள் காலை அக்கா அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

போன பனிக்காலத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விடியுமுன் வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போகிற பிழைப்பு. காரணமே இல்லாமல் அழுகை வரும். எலும்பெல்லாம் வலிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் வந்தாலே எரிந்து விழுவாள். வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கக்கூடத் துணிந்துவிட்டாள். இந்த வருஷமும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் போன வாரமே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"போன வருஷத்துக்கு இப்ப வைட்டமின் டி எவ்வளவோ தேவலையே! மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"பெட்டி பெட்டியா ஊருக்கெல்லாம் அனுப்புறேன் டாக்டர். ஒண்ணுகூட வாயில போட்டதில்ல."

"அழுகை வருதா?"

அக்கா யோசித்தாள். இந்தக் குளிரில் ஒரு நாள்கூட அழவில்லை. நேற்று பாத்திரம் கழுவும்போது பாட்டுகூடப் பாடினாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அப்ப நல்லா வெயில்ல நிக்கிறீங்கன்னு அர்த்தம். மத்தியான வெயில் முகத்துலயும் கையிலயும் தினம் பட்டா, உடம்பு மட்டுமில்ல, மனசும் தெளியும். எங்கே நிக்கிறீங்க?"

"எனக்கெங்கே டாக்டர் நேரம்? வீட்டை விட்டா ஹால், ஹாலை விட்டா..."

அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக உறைத்தது. மேகம் மூடிய நாளில் சோதனையே கிடையாது. "போங்க, போங்க" என்று விட்டுவிடுவார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னதும் கையை மடிக்கச் சொன்னதும் மாத்திரையைத் தேடவா?

மடச்சி, மடச்சி என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகளைத் திட்டாத ஒரு பனிக்காலத்தை அந்த மனுஷன் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிட வேண்டியவரைத் துரத்த, அவளே உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஹாலுக்குள் போயிருந்தார்கள். முற்றத்தில் வெயில் மட்டும் மிச்சம் இருந்தது. அவளாகவே ஸ்வெட்டரைக் கழற்றினாள், கையை மடித்துவிட்டாள், பையை நீட்டினாள்.

"ஐயா, இந்தச் சோதனை கம்பெனி உத்தரவா?"

"உத்தரவெல்லாம் ஒண்ணுமில்லம்மா." அவர் பையைத் திறந்தார். "இருபது வருஷம் சுரங்கத்துல கிடந்தவன் நான். வெயில் படாத உடம்பு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"அதை எங்ககிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே, போன வருஷம். 'கறுத்துப் போயிடுவோம், நீங்க உங்க வேலையைப் பாருங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான், என் வேலையைப் பார்க்கிறேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த நன்றியை அவள் சொல்வதற்குள், பையின் அடியிலிருந்த மடித்த காகிதம் அவர் கைக்கு வந்துவிட்டது.

மனு! ஆஸ்பத்திரிப் பரபரப்பில் அது பைக்குள் இருப்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

அவர் அதைப் பிரிக்கவில்லை. கசங்கிய ஓரத்தை நீவிவிட்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.

"நீங்க இதைப் பையில வச்ச முதல் நாளே படிச்சுட்டேம்மா. குடுங்க, தப்பில்ல" என்றார் தயங்கித் தயங்கி. "ஆனா பனி முடிய இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்கப்புறம் குடுக்கிறீங்களா?"