கண் பட்டுவிடும்

பல்கலைக்கழகத்தார் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போன காது, ஓராண்டாக வீட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் நுழைவுத் தேர்வு கிடையாது. பிள்ளை எப்படிப்பட்டது என்பதை வீட்டுப் பேச்சே சொல்லிவிடும். முடிவு எப்போது வரும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அமாவாசை கழியட்டும் என்றார்கள்; வெள்ளிக்கிழமைதான் என்றார்கள். அமுதினியின் தாய் வடிவு வெள்ளிதோறும் தலைக்குக் குளித்துக் காத்திருந்து ஓய்ந்துபோயிருந்தாள்.

அன்றும் எதிர்வீட்டு ராஜாத்தி வந்து உட்கார்ந்தாள். "அமுதினிக்குக் கிடைச்சிரும், பாரேன். ராவெல்லாம் லைட்டு எரியுதே, என்னமா படிக்கா!"

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. வடிவு வழக்கம்போல முந்திக்கொண்டாள்.

"நீங்க வேறக்கா! அவ எங்க படிக்கா? லைட்டப் போட்டுட்டுத் தூங்குதா. மண்டைல ஒண்ணும் ஏறாது."

உள்ளறையில் அமுதினி வாய்க்குள் படித்தபடியே சிரித்துக்கொண்டாள். அம்மா எப்போதும் இப்படித்தான்.

காது செருமியது.

"சேர்க்கை இல்லை. மாணவி படிப்பதில்லை என்று ஓராண்டாகத் தாயே சொல்லி வருகிறார். பெற்றவள் சொல்லுக்கு மேல் சான்று ஏது?"

காதில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது. ராஜாத்தி எழுந்து போனாள். கையில் புத்தகத்தோடு அமுதினி வெளியே வந்து நின்றாள்.

வடிவு சுவரருகே போய்க் காதை அண்ணாந்து பார்த்தாள்.

"விடிய விடியப் படிச்ச புள்ளய்யா. எம் மக மாதிரி இந்த ஊர்லயே யாரும் கிடையாது."

அம்மா அப்படிச் சொல்லி அமுதினி கேட்பது அதுதான் முதல் தடவை.