முதல் நிறுத்தம்

இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் நேராக இவர்கள் பண்ணைக்குத்தான் வந்தது. வழியில் வேறு எங்கும் நிற்கவில்லை.

சீஸ்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு ஓடினாள். இறங்கியவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் பசித்த முகங்கள். அப்பாடா!

டவுனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் உலா வருகிற பஸ் அது. ஆற்றைக் காட்டும், கரையோரப் பண்ணைகளில் நிறுத்தும். தேன்காரர், ஆப்பிள் தோட்டம், ரொட்டி சுடுகிற அண்ணன் தம்பி என்று எல்லோரையும் பார்த்து முடித்து, கடைசியாகத்தான் ஆட்டுப்பால் சீஸ் செய்கிற இவளிடம் வரும். ஆறு வருஷமாக இதே கதைதான்.

கடைசியில் வருகிறவர்களுக்கு வயிற்றில் இடம் இருக்காது. கையில் இன்னொரு பை கொள்ளாது. ஆட்டைத் தடவிக்கொடுப்பார்கள், ஆற்றைப் படம் எடுப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள்.

போன மாதம் புருஷன் முடிவாகச் சொல்லிவிட்டான். சீசனின் கடைசி ஞாயிறன்றும் சீஸ் தங்கிப்போனால், பத்தொன்பது ஆடுகளும் கறிக்கடைக்காரருக்கு. அவர் திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வருவதாகப் பேச்சு. அந்தக் கடைசி ஞாயிறுதான் இன்று.

இவள் விடுவாளா? ஒவ்வொரு ஆட்டின் மடியும் இவள் கைக்குத் தெரியும். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டால்கூட எது உதைக்கும், எது நின்று கொடுக்கும் என்று சொல்லுவாள்.

"டிரைவர்கிட்டப் போய்ப் பேசுங்க. ஒரே ஒரு நாள், நம்மகிட்ட முதல்ல வரட்டும். பசியோட வந்து வாயில வச்சுப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் சேதி!" என்று அவனை விரட்டினாள்.

போனான். வந்தான். "சரின்னுட்டார்" என்றான். எப்போதுமே அவன் அளந்துதான் பேசுவான்.

இப்போது வெட்டிவைத்த தட்டுகள் கண் மூடித் திறப்பதற்குள் காலியாகிக்கொண்டிருந்தன. தொப்பிக்காரர் ஒருவர் வெட்கமில்லாமல் நாலாவது முறை கை நீட்டினார். திருடி என்று இவள் பேர் வைத்திருந்த ஆடு அவருடைய தொப்பியையே கடித்து இழுத்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சீஸ்காரி அடுத்த தட்டை நிரப்பினாள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"எனக்கு நாலு டப்பா எடுத்து வைங்கம்மா. திரும்பி வரும்போது வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ரெண்டு, எனக்கு அஞ்சு, எங்க அக்காவுக்கும் சேர்த்து மூணு. புருஷன் துண்டுச் சீட்டில் ஒவ்வொன்றாக எழுதினான். கண்ணாடி, நாலு. தொப்பி, ஐந்து. ஒரு டப்பாகூட மிச்சமில்லை.

திரும்பி வரும்போது.

சீஸ்காரிக்கு அப்போதுதான் சுரீர் என்றது.

டவுனிலிருந்து பஸ் எப்போதும் இந்தக் கரை வழியாக வந்து, மேலே பாலத்தில் ஆற்றைக் கடந்து, மறுகரை வழியாகப் போய்விடும். வந்த வழியே திரும்புகிற வழக்கமே கிடையாது. ஆறு வருஷமாகக் கண்ணால் பார்த்த பாதை. இவளிடம் முதலில் வர வேண்டுமென்று இன்றைக்கு அக்கரை வழியாக வந்து பாலம் தாண்டியிருக்கிறது. இனி இந்தக் கரையோடு தேன்காரர், தோட்டம், ரொட்டி என்று பார்த்துக்கொண்டே டவுனுக்கு இறங்கிவிடும். இது ஏன் இந்த மண்டையில் ஏறவில்லை?

"பஸ் திரும்ப இந்தப் பக்கம் வராதும்மா. இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"அடடா, வராதா? இந்த வெயில்ல சாயங்காலம் வரைக்கும் பஸ்ல கிடந்தா கூழாயிடுமேம்மா. ஐஸ் பெட்டி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

கடைசி நிறுத்தத்துக்காரி எதற்கு ஐஸ் பெட்டி வைத்திருக்கப் போகிறாள்? கடைசியாக இங்கே வாங்கினால் பொழுது சாய்வதற்குள் வீடு. அந்த ஒரு வசதிதான் இவளுக்கு இருந்தது. அதையும் கெஞ்சிக் கூத்தாடி மாற்றியாயிற்று.

அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். அடுத்த வருஷம் கட்டாயம் வாங்குகிறேன் என்று இவள் கையைப் பிடித்துச் சொன்னாள். எல்லோரும் ஜன்னல் வழியாகக் கையாட்டினார்கள். இவளும் ஆட்டினாள், வேறென்ன செய்வாள்? பஸ் ஆற்றோடு வளைந்து மறைந்தது.

உள்ளே புருஷன் இன்னும் ஒவ்வொரு டப்பாவாகக் காகிதத்தில் சுற்றி நூல் போட்டுக்கொண்டிருந்தான். யாருக்கு என்று இவள் கேட்கவில்லை. பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதற்கு யாரிடம் போய் அழுவது?

உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"கறிக்கடைக்காரருக்குப் போன் போடுங்க. நாளைக்கு வேணாம், இன்னிக்கே வரச் சொல்லுங்க. காலையில இன்னொரு தடவ மடியில கை வைக்க என்னால ஆகாது."

அவன் கையிலிருந்த முடிச்சை இறுக்கினான்.

"மத்தியானம் வந்துடுவார். நேத்தே சொல்லிட்டேன்."

இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல்ல வந்தா ஒரு டப்பாகூட விக்காதுன்னு டிரைவர் அன்னிக்கே சொன்னார்" என்றான் அவன். "பேசிட்டுத் திரும்பும்போது உங்கிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கேட்டைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்கே ஓடி வந்துட்டே."