மடக்கி உழ வேண்டிய நாள்

"விட்டுட்டுப் போற நிலத்துக்கு எதுக்குங்க இத்தனை உபசாரம்? நம்ம குத்தகைதான் இந்த மாசத்தோட முடியுதே!"

வரப்பில் நின்றபடி மனைவி பொரிந்து தள்ளினாள். எதிரே கழுத்தளவு வளர்ந்த சணப்பு, வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்து நின்றது. அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற பயிரா அது? பூ எடுத்ததும் அப்படியே மடக்கி உழுது, மண்ணோடு மண்ணாக மட்க விடவேண்டும். மண்ணுக்குச் சத்து ஏறும். அடுத்த போகம் விதைக்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும். அந்த அடுத்த போகம்தான் இவர்களுடையது இல்லையே! இருபது வருஷம் உழுத நிலத்தை, நிலத்துக்காரர் வேறு யாருக்கோ விடப்போகிறார்.

"நிலம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் கணவர். "இத்தனை வருஷம் நமக்குச் சோறு போட்டிருக்கு. அதை வெறும் வயித்தோட விட்டுட்டா போறது?"

"ஆமா, வரப்போறவங்க உங்களுக்குச் சிலை வைக்கப் போறாங்க!"

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் அவளுக்குக் குளிர்ந்து கிடந்தது. அந்த 'வேறு யாரோ' யாரென்று அவளுக்குத் தெரியும். சாட்சாத் அவர்களுடைய மகள்தான்!

மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். "அவ பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று அன்றைக்கு அவர் போட்ட சட்டம் நாலு வருஷமாக அமலில் இருக்கிறது. மகளும் மருமகனும் முதன்முதலாகத் தாங்களே பயிர் செய்ய எடுக்கிற நிலம் இது. விஷயம் காதுக்குப் போனால் மனுஷர் தாண்டிக் குதிப்பார். போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் அவள் மூச்சுவிடவில்லை. ஒன்றும் தெரியாதவரிடம் இப்படி வேலை வாங்குகிறோமே என்று அவ்வப்போது மனசு உறுத்தும். உறுத்தினால் உறுத்தட்டும், பெற்ற பெண் நன்றாக இருந்தால் போதும்.

"சரி, நாளைக்குத்தானே உழவு?" ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

"இல்ல. வர்றேன்னு சொன்ன டிராக்டர்காரரை வேணாம்னுட்டேன்."

அவளுக்குப் பகீரென்றது. பூ முற்றிக் காய் பிடித்தால் தண்டில் நார் ஏறிவிடும். அப்புறம் உழுதாலும் சீக்கிரத்தில் மட்காது. வயலைச் சுத்தம் பண்ணுவதிலேயே மகளுக்குப் பாதிப் பருவம் போய்விடும்.

"என்னங்க, விளையாடுறீங்களா? ஒரு வாரம் விட்டாக்கூட கட்டையாயிடும்னு நீங்கதானே சொல்வீங்க!"

"எதுக்கு இத்தனை உபசாரம்னு நீதானே கேட்ட?"

"அது... வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதுக்காக இப்படியா? பாவம், வர்றவங்க யாரோ எவரோ, சின்னஞ்சிறுசுங்களா இருந்தா..."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.



"அட, எதுக்கு இப்ப அழுவுற? வாடகை டிராக்டர்தான் வேணாம்னேன். மாப்பிள்ளை சொந்தமா ஒண்ணு வச்சிருக்காரில்ல? நாளைக்குக் காலையில அவரையே எடுத்துட்டு வரச் சொல்லு. அவளும் கூட வரட்டும். எந்தப் பக்கம் தண்ணி தேங்கும், எங்க மண்ணு இறுகும்னு காட்டித்தானே ஒப்படைக்கணும்."



"உங்களுக்கு... உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லணும்?" அவர் வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரெண்டு பேரும் குத்தகைக்கு நிலம் தேடி அலையறாங்கன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. இன்னும் அஞ்சு வருஷம் நீயே வச்சுக்கோன்னுதான் நிலத்துக்காரர் சொன்னாரு. என் பேரைச் சொல்லாம என் பொண்ணுக்கு விடுங்கன்னு அவர்கிட்ட கெஞ்சினதே நான்தான்."