சொல்லாமல் போனார்கள்

போர் போடும் ரிக் வண்டி முதலாளிகள் சிலரோடு கப்பலில் தீவு தீவாகச் சுற்றிவிட்டு வெங்கடாசலம் புதுச்சத்திரத்துக்குத் திரும்பினான். மனைவி மஞ்சுளாவை அவன் அழைத்துப் போகவில்லை. "உனக்குக் கடலு ஒத்துக்காது" என்று சொல்லியிருந்தான். ஒத்துக்குமா ஒத்துக்காதா என்று பார்க்க அவள் அதுவரை கடலையே கண்டதில்லை.

மாலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவன் சோபாவில் உட்கார்ந்து, தீவுகளைச் செல்போனில் காட்டினான். யாரும் குனிந்து பார்க்கவில்லை. பெண்கள் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வாரேன் என்று சொல்லாமல் போனார்கள். இழவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள்.

கடைசியாக எழுந்தவள் வெங்கடாசலத்தின் அக்கா. மஞ்சுளா அவளை வாசலில் மறித்தாள்.

"ஏனுங்க நங்கையா, அவருதான் நல்லபடியா வந்துட்டாருங்களே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னங்க?"

"மனசத் தேத்திக்க சாமி" என்றாள் அக்கா. தம்பி பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் வெங்கடாசலம் ரிக் ஷெட்டுக்குக் கிளம்பினான். கல்யாணமானதிலிருந்து வாரேன் என்று சொல்லாமல் அவன் படியிறங்கியதில்லை. இன்று சொல்லவில்லை.

மஞ்சுளா அவனைக் கூப்பிடவில்லை. அவன் தெருமுனையைத் தாண்டியதும் குழாயைத் திறந்து, உள்ளறையிலிருந்து வாசல்வரை தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டாள்.